சேலை எனக்குத்தான்

தீபாவளி நெருங்கினால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடமிருந்து எனக்கு வருகிற கேள்வி ஒன்றுதான். "அக்கா, எந்தக் கடைக்குப் போனா வெரட்ட மாட்டாங்க?" கேட்பவர்களில் சிலர் திருநங்கைகள், இப்போதுதான் வீட்டில் வாய் திறந்து சொன்னவர்கள். சிலர் ஆண்களாகவே குடும்பம் நடத்திக்கொண்டு, தனிமையில் சேலையோ கவுனோ உடுத்த ஆசைப்படுபவர்கள். யாராயிருந்தாலும் கேட்கும்போது குரல் இறங்கிவிடும். ஒரு கடையின் பெயரைச் சொன்னால் போதும் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் சொல்வதில்லை. போன மாதம் என்னிடம் அன்பாக நடந்துகொண்ட விற்பனைக்காரம்மா இந்த மாதம் வேலையை விட்டிருப்பார். அவர் இல்லாத அந்தக் கடை வேறு கடை. அதனால் ஒரு கடையை எப்படிக் கண்டுபிடிப்பது, உள்ளே போனபின் என்ன செய்வது என்பதைத்தான் சொல்லித் தருகிறேன். அதையே இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஹூத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். இப்போது தெலுக் இந்தானில் பூ கட்டிப் பிழைக்கிறேன். பேராக்கில் தோட்டத்துத் தமிழர் என்றதும் வெளியூர்க்காரர்கள் ரப்பரைத்தான் நினைப்பார்கள். எங்கள் பாகான் டத்தோ தென்னைக்கும் செம்பனைக்கும் பேர்போன இடம். பேராக் ஆறும் பெர்னாம் ஆறும் கடலில் கலக்கிற இரண்டு முகத்துவாரங்களுக்கு நடுவில் கிடக்கும் தாழ்ந்த நிலம். 2017-இல் பேராக்கின் 12ஆவது மாவட்டமானது. மாவட்டமானாலும் ஊர் சிறியதுதான். ரூங்கூப், செலெக்கோ, சுங்கை சுமுன், ஹூத்தான் மெலிந்தாங் என்று இருக்கும் சிறு பட்டணங்களில் கடைக்காரருக்கு நம் அப்பா பெயர் தெரியும், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று தெரியும், அம்மா எந்தக் கோயிலில் பால்குடம் எடுத்தார் என்பது வரை தெரியும். மகன் என்று அவர்கள் அறிந்த பிள்ளை ஒரு பாவாடை வாங்கினால், பை வீட்டுக்கு வருமுன் சேதி வந்துவிடும்.

ஆகவே எங்களில் அநேகமாக எல்லாரும் தூரத்தில்தான் தொடங்குகிறோம். வெளியே சொல்லிக்கொள்ள ஏதாவது ஒரு வேலையை வைத்துக்கொண்டு ஈப்போவுக்குப் பஸ் ஏறுவோம். லகாட் சாலைப் பக்கத்து லிட்டில் இந்தியாவில் சேலைக் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. இன்னும் துணிச்சல் வந்தால் கிள்ளான் தெங்கு கிளானா சாலை, கோலாலம்பூரில் மஸ்ஜிட் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ். கூட்டத்தோடு கூட்டமாகப் போய் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம், நம்மை யாருக்கும் தெரியாது. முதல் தடவை வாங்குகிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. போகச் சொல்லி நானே அனுப்புகிறேன். ஆனால் தூரத்துக் கடை உங்களை மறைத்து வைக்கும், அவ்வளவுதான். ஜாக்கெட் தோளில் பிடித்தாலோ சுடிதார் இடுப்பில் நின்றாலோ அவ்வளவு தூரம் மறுபடி போக முடியாது. அலமாரியில் மடித்தபடியே கிடக்கும். பொருந்துகிற உடை வேண்டுமென்றால் திரும்பத் திரும்பப் போகக்கூடிய தூரத்தில் ஒரு கடையும், அதைவிட முக்கியமாக ஒரு தையல்காரரும் வேண்டும். ஈப்போவில் தைரியத்தைப் பழகிக்கொண்டு ஊர்ப்பக்கம் திரும்பி வாருங்கள் என்பதுதான் நான் எல்லாரிடமும் சொல்வது.

எந்த மாதிரிக் கடை என்றால், என் முதல் வாக்கு நாட்டிய உடைக் கடைக்கு. பரதநாட்டிய உடை, சலங்கை, ஒப்பனைச் சாமான், கொண்டை முடி விற்கிற இடங்களில் ஆண்கள் வந்து மை வாங்குவதும் நெற்றிச்சுட்டி வாங்குவதும் அன்றாட நடப்பு. ஆண் நாட்டியக்காரர்களும் கோயில் திருவிழாவில் வேஷம் கட்டுகிறவர்களும் அங்கேதான் போகிறார்கள். ஒரு ஆண் உடம்புக்கு எந்த வளையல் அளவு, எந்த ஒட்டியாணம் என்று அவர்களுக்குக் கைப்பழக்கமாகவே தெரியும். திடுக்கிட மாட்டார்கள். அதற்கடுத்து, கல்யாண அலங்காரம் செய்கிறவர்கள். சேலை கட்டிவிடுவது அவர்கள் தொழில். எத்தனையோ விதமான உடம்புகளைத் தொட்டு மடிப்பு வைத்த கைகள் அவை. அவர்களிடம் காசு கொடுத்து ஒரு மணி நேரம் சேலை கட்டப் பழகிக்கொள்ளலாம். அதோடு எந்தக் கடையில் யார் நல்லவர் என்ற விவரமும் கிடைக்கும், அந்த விவரத்துக்கே தனியாகக் காசு கொடுக்கலாம்.

பெரிய சேலைக் கடைகளில் ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உள்ளே போனதும், "யாருக்குப் பாக்கறீங்க தம்பி, அம்மாவுக்கா, வீட்டுக்காரம்மாவுக்கா?" என்று கேட்பார்கள். அக்காவுக்கு என்று சொல்லி வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாதுகாப்பு முக்கியம், எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் அப்படித்தான் வாங்குகிறார்கள். ஆனால் இல்லாத அக்காவின் நிறத்துக்கும் உயரத்துக்கும் ஏற்ற சேலையைத்தான் எடுத்துப் போடுவார்கள். மனம் துணிந்த அன்றைக்கு, "எனக்குத்தான்" என்று சொல்லிப் பாருங்கள். சத்தமாக வேண்டாம், சேலையைப் பார்த்தபடியே சொன்னால் போதும். அதற்கப்புறம் ஒரு நிமிஷம் அவர்களுடைய கைகளைக் கவனியுங்கள். நல்ல கடையில் விற்பனைக்காரர் ஏற்கெனவே எடுத்ததை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் முகத்துக்கு நேரே வேறு நிறம் பிடித்துப் பார்ப்பார். "உங்க கலருக்கு இந்த மயில் கழுத்து நல்லாருக்கும்" என்பார். வேண்டாத கடையில் பிரித்த சேலையை அப்படியே விட்டுவிட்டு மற்றவரைத் திரும்பிப் பார்ப்பார், அல்லது முதலாளியைக் கூப்பிடுவார், அல்லது விலை குறைந்த அடுக்கைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். சிரிப்புச் சத்தம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். "அப்புறமா வர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். வாக்குவாதம் செய்வதும் கைப்பேசியில் படம் பிடிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் படத்தில் நம் முகமும் இருக்கும். அது போய்ச் சேருகிற இடத்தை நாம் தீர்மானிக்க முடியாது. காசு நம் பையில்தானே இருக்கிறது, அதை வேறு கடையில் செலவழிப்போம்.

என் அனுபவத்தில், நடுவயதைத் தாண்டிய பெண்கள் பணியாற்றும் கடை பெரும்பாலும் நல்ல கடை. பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். உடம்பைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவதில்லை. இளம் பையன்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து நிற்கிற கடையில் தனித்தனியாக ஒவ்வொருவனும் நல்ல பிள்ளையாக இருந்தாலும், சேர்ந்து நிற்கும்போது ஒருவனுக்காக இன்னொருவன் சிரிப்பான்.

நேரமும் முக்கியம். சம்பளம் போட்ட வாரக் கடைசியில் போகாதீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போகிற வழியில் எல்லாரும் சேலைக் கடையில் நுழைவார்கள். திங்கள் முதல் வியாழன் வரை, கடை திறந்து ஒரு மணி நேரம் கழித்து நல்ல நேரம்: கூட்டிப் பெருக்கி, சாமி படத்துக்குப் பூ வைத்து, முதல் வியாபாரத்துக்காகக் காத்திருப்பார்கள். முடிந்தால் ஒரு பெண்ணைத் துணைக்குக் கூட்டிப் போங்கள். ஒருவர் போதும். கூட்டமாகப் போனால் கடைக்காரர் பயந்துவிடுவார். முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொள்வது இப்போது எளிதாகிவிட்டது. "நான் திருநங்கை, பஞ்சாபி சூட் போட்டுப் பாக்கணும், வரலாமா?" என்று இரண்டே வரி. பதிலில் "வாங்கக்கா" என்று வந்தால் அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு போங்கள்.

போட்டுப் பார்க்கும் அறைதான் எங்களுக்கு எப்போதும் சிக்கலான இடம். ஈப்போவில் ஒரு பேரங்காடியில், கையில் மூன்று உடைகளோடு நான் வரிசையில் நின்றபோது காவலுக்கு நின்றவர் ஆண்கள் பக்கம் போகச் சொன்னார். ஆண்கள் பக்கம் போனால் அங்கிருந்தவர் பெண்கள் உடையை இங்கே கொண்டுவரக் கூடாது என்றார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உடைகளை அங்கேயே தொங்கவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் எந்தக் கடைக்குள் போனாலும் முதலில் அறையைத்தான் பார்க்கிறேன். ஆண், பெண் என்று பிரிக்காமல் ஒரே ஒரு அறை, திரைச்சீலைக்குப் பதிலாக உள்ளே தாழ்ப்பாள் போட்ட கதவு, அறைக்கு வெளியே சோபா போட்டு யாரும் உட்கார்ந்திராத இடம் இருந்தால் அதுவே பாதி வரவேற்பு. சிறிய கடைகளில் பல சமயம் பொருள் வைக்கிற அறையையே திறந்து விடுவார்கள். நான் மனநிறைவோடு உடை மாற்றிப் பார்த்த அறைகளில் பாதி, அட்டைப்பெட்டி அடுக்கின அறைகள்தான். அறை கிடையாது என்றால், "வீட்ல போட்டுப் பாத்துப் பொருந்தலைன்னா மாத்திக் குடுப்பீங்களா?" என்று கேளுங்கள். சரி என்றால் அதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்ச் சொல்லை நம்பிப் போனால் அடுத்த முறை வேறு ஆள் நிற்பார்.

சட்டம் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இது எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. ஆண் பெண்ணைப் போல உடுத்துவது மலேசியாவில் எல்லா மாநிலங்களின் ஷரியா சட்டத்திலும் குற்றம். அந்தச் சட்டம் முஸ்லிம்களுக்கு மட்டும் பொருந்தும். நெகிரி செம்பிலான் மாநில ஷரியா சட்டத்தின் 66ஆவது பிரிவை எதிர்த்து மூன்று திருநங்கையர் தொடுத்த வழக்கில், அந்தப் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014 நவம்பர் 7 அன்று தீர்ப்பளித்தது. அன்றைக்கு எங்களில் அழாதவர் இல்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம், வழக்கைத் தொடுத்த முறை சரியில்லை என்ற காரணத்தால் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆகவே உங்களோடு வருகிற மலாய்த் தோழிக்கு இருக்கிற ஆபத்து உங்களுக்கு இருப்பதைவிடப் பெரிது. அவளை வெளியே நிறுத்தி வைத்துவிட்டு நீங்கள் சாவகாசமாகக் கடையில் சுற்றாதீர்கள். முஸ்லிம் அல்லாத நமக்கு உடுத்துவதைக் குற்றமென்று சொல்கிற சட்டம் தனியாக இல்லை. ஆனாலும் அநாகரிக நடத்தை என்று 1955ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டத்தின் 21ஆவது பிரிவைத் திருநங்கைகள்மேல் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஐசி என்கிற அடையாள அட்டை எப்போதும் கையில் இருக்கட்டும். அதன் கடைசி எண் ஒற்றைப்படையாக இருந்தால் ஆண், இரட்டைப்படையாக இருந்தால் பெண். நம் உடுப்பும் அந்த எண்ணும் ஒத்துப்போகாது என்பதைக் கேட்கிறவரிடம் நிதானமாகச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். கடையில் பொருள் வாங்குவதற்கு ஐசியைக் காட்டச் சொல்ல ஒரு காரணமும் கிடையாது.

இனி தையல். எங்கள் விஷயத்தில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது.

சேலை எல்லா உடம்புக்கும் பொருந்தும். ஐந்தரை மீட்டர் துணி. அதற்கு ஆண் அளவும் இல்லை, பெண் அளவும் இல்லை. உயரம் அதிகமுள்ளவர்கள் நீளத்தைவிட அகலத்தைப் பார்க்க வேண்டும். கடையிலேயே சேலையின் ஓரத்தை இடுப்பில் வைத்துத் தரைவரை தொங்கவிட்டுப் பாருங்கள். மேலே சொருக நாலு விரல் மிச்சமிருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிடுங்கள், கணுக்கால் தெரியும். கைத்தறியில் சில சேலைகள் அகலம் குறைவாக வரும். உள்பாவாடையும் அப்படித்தான். கடையில் தொங்குவது பெரும்பாலும் 38 அங்குலம்; ஐந்தே முக்கால் அடி உயரத்துக்கு 41 வேண்டும். அதைத் தைத்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும்.

ஜாக்கெட்டில்தான் உடம்பு தன்னைக் காட்டும். ஆயத்த ஜாக்கெட்டுகள் 14, 15 அங்குலத் தோளுக்கு வெட்டியவை. எங்கள் தோள் 16, 17 இருக்கும். மார்புச் சுற்றைப் பார்த்துப் பெரிய அளவு எடுத்தால் கழுத்து அகன்று தோளிலிருந்து வழுகும்; தோளைப் பார்த்து எடுத்தால் முன்பக்கம் தொங்கும். நீட்டி இழுக்கக்கூடிய லைக்ரா ஜாக்கெட் இப்போது எல்லாச் சேலைக் கடையிலும் கிடைக்கிறது. அவசரத்துக்கு அது உதவும். வியர்வையில் உடம்போடு ஒட்டும், எங்கள் கடலோர வெக்கையில் ஒரு கல்யாண வீட்டைத் தாண்டாது. நல்லது வேண்டுமென்றால் அளவெடுத்துத் தைக்க வேண்டும்.

என் தையல்காரக்கா வீட்டு முன்னறையில் மெஷின் போட்டிருக்கிறார். அவரை எனக்குச் சொன்னது ஒரு கல்யாண அலங்காரக்காரி. முதலில் ஒரு ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்க மட்டும் கொடுத்தேன். ஒரு புதிய தையல்காரரைச் சோதிக்க இதுவே நல்ல வழி, அளவெடுக்கிற கட்டம் அப்புறம் வரட்டும். வாங்கிப் பார்த்துவிட்டு, "இது உங்களுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "தோள்பட்டை பிடிக்குமே, கையைத் தூக்கறப்ப கஷ்டமா இல்ல?" என்று அடுத்த கேள்வி. அவ்வளவுதான், வேறு எதையும் கேட்கவில்லை. மறுவாரம் அளவெடுக்க நின்றேன். டேப்பைத் தோள் எலும்பிலிருந்து எலும்புவரை வைத்து, பிறகு கைக்குழியைச் சுற்றி, பிறகு மேற்கையின் தடிப்பான இடத்தில் வைத்து, ஒவ்வொன்றையும் பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் எழுதினார். பக்கத்தின் மேலே பெயர் எழுத வேண்டும். நான் வைத்துக்கொண்ட பெயரைச் சொன்னேன், அதையே எழுதினார். என் வாழ்க்கையில் அந்தப் பெயரை இன்னொருவர் கையெழுத்தில் பார்த்தது அங்கேதான்.

தையல்காரரிடம் போகும்போது கேட்டுக்கொள்ள வேண்டியவை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். எந்த உள்ளாடையோடு, எந்தப் பஞ்சு வைத்து உடுத்தப் போகிறீர்களோ, அதைப் போட்டுக்கொண்டே அளவு கொடுங்கள். வெறும் உடம்பில் கொடுத்த அளவு பயன்படாது. இரண்டு பக்கத் தையலிலும் உள்ளே ஓர் அங்குலத் துணி விடச் சொல்லுங்கள். ஹார்மோன் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இது கட்டாயம், உடம்பு மாறிக்கொண்டே போகும், பிரித்து விட்டுக்கொள்ளலாம். கை முழங்கைக்குச் சற்று மேலே முடியட்டும். மேற்கையின் தடிப்பான இடத்தில் முடிந்தால் அந்த இடமே கண்ணில் படும். தோள் அகலமானவர்களுக்குப் பஃப் கையும் படகுக் கழுத்தும் இன்னும் அகலத்தைக் காட்டும். வி கழுத்தும் பிரின்செஸ் கட்டும் இறக்கிக் காட்டும். இது என் கண்ணுக்குப் பட்டது, உங்களுக்குப் பஃப் பிடித்தால் பஃப் வையுங்கள். பஞ்சாபி சூட்டில் கவனிக்க வேண்டியது பக்கவாட்டு வெட்டு. நமக்கு இடுப்பு குறுகல், வெட்டு உயரத்தில் தொடங்கினால் துணி விரிந்து நின்றுவிடும். இரண்டு அங்குலம் கீழே இறக்கித் தைத்தால் விழுகிற அழகே வேறு. பேசும் கூலிக்கு மேல் தீபாவளிக்கு ஒரு டின் முறுக்காவது கொண்டுபோய்க் கொடுங்கள். நல்ல தையல்காரர் கிடைத்துவிட்டால் அவரை விட்டுவிடக் கூடாது.

சேலையும் சூட்டும் நம் விசேஷங்களுக்கு. அன்றாட வேலைக்கு நான் எல்லாருக்கும் சிபாரிசு செய்வது பாஜு கூரோங். மலாய்ப் பெண்களின் உடை என்றாலும் இங்கே தமிழ்ப் பெண்களும் அலுவலகத்துக்கு, பள்ளிக்கூடத்துக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறார்கள். பழைய முறையில் வெட்டிய பாஜு கூரோங்கில் அக்குளில் கெக்கேக் என்கிற சதுரத் துண்டும் பக்கங்களில் பெசாக் என்கிற துண்டும் வைத்துத் தைப்பார்கள். அந்தத் தாராளம் அகன்ற தோளுக்கும் நீண்ட கைக்கும் செய்துவைத்தது போல இருக்கும். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் தொங்கவிட்டிருப்பார்கள். போட்டுப் பார்க்க முடியாது. நம்மிடமுள்ள ஒரு சட்டையைக் கொண்டுபோய் மேலே வைத்துத் தோளையும் நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாசார் மாலாமில் விற்கிற மலாய் அம்மாமார் யாரையும் "காக்", அதாவது அக்கா, என்று கூப்பிட்டே பழகியவர்கள், பேரம் பேசுவதில்தான் அவர்கள் கவனமெல்லாம்.

பண்டல் கடையும் நமக்கு நல்ல இடம். ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் மூட்டையாக வருகிற பழைய துணிகள். யார் எதைக் கிளறுகிறார்கள் என்று ஒருவரும் பார்ப்பதில்லை, ஆண் உடை பெண் உடை பல கடைகளில் ஒரே குவியலில் கிடக்கும். தனிமையில் உடுத்துகிறவர்கள் முதன்முதலாகத் தங்கள் அளவைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. ஜப்பான் அளவுகள் சிறியவை, எழுதியிருக்கிற எழுத்தை நம்பாமல் டேப்பால் அளந்து எடுங்கள். அக்குள் கறை, ஜிப், பின்பக்க ஊக்கு மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் ஊறப்போட்டு வெயிலில் காய வையுங்கள்.

வெயிலில் காய வைப்பது என்று எளிதாக எழுதிவிட்டேன். தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், கொடிக்கம்பி எல்லார் வீட்டு வாசலுக்கும் நேரே இருக்கும். வாங்குவதைவிடக் காயப்போடுவது பெரிய பாடு என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். அறைக்குள் விசிறியைப் போட்டுக் காயவைக்கக்கூடிய மெல்லிய துணியாக வாங்குவது ஒரு வழி. ஜார்ஜெட், ரேயான் இரண்டும் சீக்கிரம் உலரும். நம்பிக்கையான ஒரு தோழி வீட்டில் ஒரு பெட்டியும் ஒரு கொடியும் இருந்தால் இன்னும் நல்லது.

தனிமையில் மட்டும் உடுத்துகிற ஆண்களைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் திருநங்கைகளிலேயே சிலர் அவர்களைக் குறைவாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், எனக்கு அது வருத்தம். வெளியே வரச் சொல்லி அவர்களை யாரும் நெருக்கக் கூடாது. மனைவிக்குத் தெரிந்தவரும் உண்டு, தெரியாதவரும் உண்டு. அது அவர்கள் வீட்டு விஷயம். அவர்களுக்கு ஷாப்பியும் லஸாடாவும் பெரிய உதவி. விற்பவர் கொடுத்திருக்கிற அளவுப் பட்டியலில் எஸ், எம், எல் என்ற எழுத்துகளை விட்டுவிட்டு சென்டிமீட்டரைப் பாருங்கள். வாங்கியவர்கள் போட்டிருக்கிற படங்களைப் பாருங்கள், கடைப் படத்தில் தெரிகிற துணி வேறு, வருகிற துணி வேறு. பொட்டலம் எங்கே வரும் என்பதை முன்னமே யோசியுங்கள்: தோட்டத்தில் ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள், அல்லது மளிகைக் கடையில். வேலையிடத்துக்கோ பட்டணத்தில் பொட்டலம் வாங்கிவைக்கிற இடத்துக்கோ அனுப்பச் சொல்வது நல்லது.

செருப்பு கடினம். பெண்கள் செருப்பு பெரும்பாலான கடைகளில் 40ஆம் எண்ணோடு நின்றுவிடும். 41, 42 வேண்டுமென்றால் இணையம்தான். சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும்போது சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். உள்ளாடைக்கு மார்பின் கீழ்ச்சுற்றை அளந்து எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் நாமே எடுத்துப் பணம் கட்டுகிற பெரிய கடைக்குப் போங்கள்.

ஆண்டில் ஒரு நாள் தெலுக் இந்தானில் எங்களுக்குக் கடை தேட வேண்டிய அவசியமே இருக்காது. சித்ரா பௌர்ணமிக்குத் தண்டாயுதபாணி கோயிலில் காவடியும் கூட்டமும் ஊரை நிறைத்துவிடும், தெருவோரம் வளையல், பூ, சேலைக் கடைகள். அதே சித்திரை முழுநிலவுக் காலத்தில்தான் தமிழ்நாட்டில் உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் கூவாகத்துக் கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கைகள் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். விழுப்புரத்து விடுதிகள் நிரம்பிவிடும். இங்கிருந்து போய் வந்தவர்கள் அங்கே கடைக்காரர்கள் விரித்துக் காட்டுகிற விதத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். தமிழ்நாடு 2008-இல் திருநங்கையர் நலவாரியம் அமைத்தது. இங்கே அப்படி ஓர் அரசு வாரியம் இல்லை. கோலாலம்பூரில் திருநங்கைச் செயற்பாட்டாளர் நிஷா ஆயுப் போன்றவர்கள் சீட் அறக்கட்டளை வழியாகச் செய்கிற உதவிதான் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆண்கள் சிறையில் அடைக்கப்பட்ட நிஷாவுக்கு 2016-இல் அமெரிக்க அரசு துணிச்சலான பெண்களுக்கான அனைத்துலக விருதைக் கொடுத்தது. அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் பூக்கடைக்கு வந்த ஒரு பாட்டி பேப்பரை நீட்டி, "உங்க ஆளு" என்றார்.

கடை வைத்திருக்கிற அண்ணன்மார், அக்காமார் சிலராவது இதைப் படிப்பீர்கள். உங்களிடம் நாங்கள் கேட்பது செலவில்லாத காரியம். அறைக்கு ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிற பையனிடம், வருகிறவர் யாராயிருந்தாலும் அளவையும் நிறத்தையும் தவிர வேறு கேட்காதே என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாவிட்டால் "வாங்க" என்று சொன்னால் போதும், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பெரிய அளவு ஜாக்கெட்டை அடியில் ஒளித்து வைக்காமல் மற்றதோடு தொங்கவிடுங்கள். உடம்பு பெருத்த எத்தனையோ பெண்களும் அதைத் தேடித்தான் வருகிறார்கள். எங்களை ஒரு தடவை நன்றாக நடத்தினால் நாங்கள் தனியாகத் திரும்பி வர மாட்டோம், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவோம்.

இந்த ஆண்டு சித்ரா பௌர்ணமிக்குப் புதுச் சேலை கட்ட நினைக்கிறவர்கள் பங்குனி பிறந்ததும் ஜாக்கெட் துணியைத் தைக்கக் கொடுத்துவிடுங்கள். சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துத் தையல்காரர்கள் யாரும் புதிதாகத் துணி வாங்குவதில்லை.